சம்பந்தி வீட்டில் குத்திய ஊசி

கடலூரில் என் மருந்துக்கடைக்கு வருகிறவர்களுக்கு ஒவ்வாமைப் பேனா ஊசியைப் போடும் விதம் காட்டும்போது, குத்திவிட்டுப் பத்து எண்ண வேண்டும், நடுவில் எடுக்கக் கூடாது என்று சொல்வேன். சொல்லும்போதே என் நாக்கு மேல்வரிசையில் பல் போன இடத்தைத் தடவும். அந்தப் பல் என் அக்கா வீட்டுக்காரருக்காகப் போனது.

மாமாவுக்கு எறா, அதாவது இறால், ஆகாது. ஒரு துண்டு உள்ளே போனால் தொண்டை அடைத்துவிடும். அவர் துபாயில் வேலை பார்த்தபோது வாங்கிவந்த ஊசிகளில் ஒன்றை அவரும் ஒன்றை நானும் வைத்திருந்தோம். மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியதும், யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். "அப்பனுக்கு இருக்கறது பொண்ணுக்கும் வரும்னு பேசுவாங்க மச்சான்." எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவர்கள் மூக்குக்கண்ணாடியைக்கூட மறைப்பார்கள். மருந்து விற்கிற நானும் தலையாட்டினேன். படித்த முட்டாள்.

கல்யாணம் முடிந்து பரங்கிப்பேட்டையில் சம்பந்தி வீட்டில் விருந்து. மாமாவுக்கு எறா பிடிக்காது என்று மட்டும் சொல்லி வைத்திருந்தோம். சம்பந்தியைச் சீண்டுவது விருந்தில் வழக்கம்தானே. மாப்பிள்ளையின் அப்பா எறாவை அரைத்துப் பருப்பு வடையில் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். மாமா பாதி தின்றதும், அது என்ன வடை தெரியுமா என்று கேட்டுச் சிரித்தார்.

மாமாவின் முகம் வீங்கியது. உதடு நீலமாகி இலையின் மேலேயே சரிந்தார். என் சட்டைப்பையில் இருந்த ஊசியின் மூடியைக் கழற்றி, வேட்டியோடு சேர்த்து அவர் தொடையில் ஓங்கிக் குத்தினேன். பார்த்தவர்களுக்கு அது கொலை. ஒருவன் என் முடியைப் பிடித்து இழுத்தான், இன்னொருவன் விலாவில் உதைத்தான். நான்கு எண்ணும்போது நாற்காலி முகத்தில் இறங்கியது. வாயில் ரத்தத்தோடு பல் உருண்டது. கையை எடுக்கவில்லை. ஏழு, எட்டு. அக்கா மகள்தான் புதுத்தாலியோடு ஓடிவந்து, என்மேல் பாய்ந்த மாமனாரை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினாள். "அது மருந்து. எங்கப்பாவுக்கு எறா ஆவாது, செத்துடுவாரு. வுடுங்க அவர."

மறுநாள் காலை சிதம்பரம் ஆஸ்பத்திரியில் மாமா கண் விழித்தார். என் முகத்தில் இருந்த தையலைப் பார்த்தார். அதைப் பற்றிக் கேட்கவில்லை.

"அவுங்களுக்குத் தெரிஞ்சிடுச்சா மச்சான்?"

கால்மாட்டில் நின்ற மகள், "நான்தாம்பா சொன்னேன்" என்றாள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அத்தனை பேர் உதைத்தபோது வராத ஆத்திரம் அப்போது எனக்கு வந்தது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அக்காவின் புருஷன், அப்போதுதான் பிழைத்தவர். கன்னத்தில் அறைந்தேன்.