வெட்டிக் குறைத்த தாளம்

ஜெயரூபியைப் பற்றி எழுதும்போது எனக்கு வரும் கோபத்தை மறைக்கப் போவதில்லை. திருகோணமலைக் கடற்கரையில் அவள் என் பக்கத்து வீட்டுக்காரி. பகலில் புடவைக்கடையில் நிற்பாள்; மிச்ச நேரமெல்லாம் கணினியில் பாட்டுக்கு இசை அமைப்பாள். முன்னறையில்தான் செய்துகொண்டிருந்தாள். அண்ணன் வீரசிங்கம் கலியாணம் கட்டியதும் அந்த அறை அவருக்குப் போனது; இவளைப் பின்னறைக்கு அனுப்பினார்கள். அந்தச் சுவருக்கு அப்பால் மீனுக்கு ஐஸ் செய்யும் தொழிற்சாலை. அதன் இயந்திரம் இரவு பகலாக உறுமும். பிறந்ததிலிருந்து கேட்கும் எங்களுக்கு அது ஒரு சத்தமே இல்லை.

போன வருசம் கொழும்பில் ஓர் ஒலிப்பதிவுக்கூடம் அவளிடம் ஒரு பாட்டு கேட்டது. பிடித்தால் நிரந்தர வேலை. அந்த வீட்டைவிட்டு வெளியேற அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை.

கோயிலில் தானே பதிவு செய்த மேளத்தைத் திரும்பத் திரும்ப ஒலிக்கும் லூப்பாக வெட்டி, கணினியிலிருந்த பெரிய டிரம் லூப்பின்மேல் அடுக்கினாள். இரண்டின் அடித்தொனியும், அந்தக் கனத்த கீழ் ஓசை, மோதிக் குழம்பின. தொனிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் ஒன்றின் அடித்தொனியைக் குறைத்து மற்றதற்கு இடம்விட வேண்டும். அது அவளுக்குத் தெரியும். மேளத்தில் குறைத்தாள். இன்னும் கும்மென்றது. டிரம்மிலும் குறைத்தாள். ஹெட்போன் பழுது, ஸ்பீக்கரில்தான் கேட்டாள். காதுக்குத் தெளியும்வரை வெட்டிக்கொண்டே போனாள்.

அனுப்பிய பாட்டுக்கு, தாளத்தில் கனமே இல்லை என்று பதில் வந்தது. வேலை வேறொருவருக்குப் போயிற்று.

அடுத்த மாதம் இயந்திரம் பழுதாகி நின்றது. ஜெயரூபி என்னைக் கூப்பிட்டு அதே பாட்டைப் போட்டாள். வெறும் தகரத்தில் விரலால் தட்டுவதுபோல இருந்தது. அன்றைக்குக் கும்மென்றது சுவருக்கு அப்பாலிருந்த அந்த இயந்திரம்தான். அவள் வெட்டியதோ தன் தாளத்தை. உடனே கொழும்புக்குப் போன் எடுத்துக் கதைத்தாள். ஆள் எடுத்தாயிற்று என்றார்கள், மரியாதையாகத்தான்.

அன்று மத்தியானமே டிரம்முக்கு அடித்தொனியைத் திருப்பிக் கொடுத்து, மேளத்தின் மேல்தொனியை மட்டும் அதன்மேல் வைத்தாள். பாட்டு எழும்பி நின்றது. எனக்கு அழுகை வந்தது.

வீரசிங்கம் வாசலில் நின்று கேட்டார்.

"இது நல்லாத்தானே இருக்கு. இதையல்லோ நீ அனுப்பியிருக்க வேணும்."

"முன்னறையில இருந்து செய்திருந்தா இதைத்தான் அனுப்பியிருப்பன், அண்ணா."

அவருக்கு விளங்கியதோ தெரியாது. பிள்ளை நித்திரை, சத்தத்தைக் குறை என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் குறைத்தாள்.