அடிச்சோறு

கண்டாவளையில் வயல் செய்யும் ஜெகதீஸ்வரியின் வீட்டுக்கு மத்தியானத்தில் வந்த எவரும் பசியோடு திரும்பியதில்லை. வன்னியின் வறுமையைப் படமெடுக்க வந்த இயக்குநர் தயாபரனையும் அவருடைய ஆட்கள் நான்கு பேரையும் அவர் அப்படித்தான் மறித்து இருத்தினார். வறுமையைத் தேடி வந்தவர்களுக்கு விரால்மீன் குழம்பு நன்றாகவே பிடித்துப்போனது. கேட்கக் கேட்கச் சோறு போட்டார். அவர்கள் கைகழுவிய பிறகு குசினிக்குள் குந்தியிருந்து, பானையின் அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டிச் சாப்பிட்டார். யாரோ கமெராவைத் தூக்கியதை அவர் பெரிதுபடுத்தவில்லை.

வவுனியாவில் படம் திரையிட்ட அன்று அவரை முன்வரிசையில் இருத்தினார்கள். திரை முழுக்க அவருடைய நகங்கள். கரிப்பானையைச் சுரண்டும் சத்தம் மட்டும் கேட்டது. மண்டபத்தில் சிலர் அழுதார்கள். ஒரு பெண் பார்க்க முடியாமல் முகத்தை மூடிக்கொண்டாள். பசியை இவ்வளவு துணிச்சலாக யாரும் காட்டியதில்லை என்று ஒருவர் எழும்பிப் பாராட்டினார்.

தயாபரன் மைக்கை ஜெகதீஸ்வரியிடம் நீட்டினார். "அம்மா, நீங்களும் ஏதாவது சொல்லுங்கோ."

"படம் நல்லாயிருக்கு தம்பி. அண்டைக்கு எனக்குச் சோறு மிஞ்சேல்லை, அது உண்மைதான். நீங்கள் அஞ்சு பேரும் சாப்பிட்டதை ஏன் காட்டேல்லை?"