ரங்கநாதன் தெரு முனையில் காத்திருந்த பஸ்

இன்று மெட்ரோ வாசலில் இணைப்புப் பேருந்து கிளம்பும்போது ஒரு பெண் ஓடிவந்தாள். "ஆள் வருது, நிறுத்துங்க!" என்று கத்திவிட்டேன். பேருந்தே என்னைத் திரும்பிப் பார்த்தது.

காரணம், 1973.

அடையாறில் எனக்கு வேலையின் முதல் நாள். மின்சார ரயில் தாமதம். மாம்பலத்தில் இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ரங்கநாதன் தெரு முழுக்க ஓடினேன். முனையில் அடையாறு பஸ் நின்றது. உள்ளே எல்லோரும் சத்தம் போட்டார்கள். நான் ஏறிய பிறகுதான் கண்டக்டர் விசில் அடித்தார்.

ரயில் கூட்டம் வந்து சேராமல் அந்த மனிதர் ஒருநாளும் விசிலைத் தொட்டதில்லை.

அடுத்த மாதமே ஜன்னலோர சீட்டிலிருந்து நான் எரிந்து விழுந்தேன். "நேரமாகுது, யாருக்காக நிக்கிறீங்க?"

அவர் சிரித்தார். "நீ செருப்பைக் கையில புடிச்சிக்கினு ஓடியாந்தியே, அன்னிக்கும் இவங்க இப்படித்தாம்மா கத்துனாங்க."

அதன்பிறகு எந்த பஸ்ஸையும் நான் அவசரப்படுத்தியதில்லை.

இன்றைய ஓட்டுநரும் நல்லவர், நிறுத்தினார். அந்தப் பெண் ஏறினாள். தூரத்தில் இன்னொருவர் ஓடிவர, அவருக்காகவும் காத்திருந்தார்.

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "அண்ணா, டைம் ஆச்சு, எடுங்க!"

அந்தக் கண்டக்டரைப் போலவே நானும் சிரித்தேன். நீங்களாக இருந்தால் அவளிடம் என்ன சொல்லியிருப்பீர்கள்?