கிராணியின் பேனா

ஊரில் கேட்பதற்கு வேறு விஷயமே இல்லையா உங்களுக்கு? பெயர் எழுதவே மூச்சு வாங்குகிறவளுக்கு எதற்கு இத்தனை மைப்பேனா என்று கேட்டே தீர வேண்டுமா? வீட்டில் வேலை கிடையாதா? சரி, கேட்டுத் தொலைத்துவிட்டீர்கள், உட்காருங்கள்.

மூடியைத் திருகினால் முதலில் வாடைதான் வரும், காய்ந்த மையும் பழைய ரப்பரும் கலந்த வாடை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜார்ஜ்டவுன் பழைய சாமான் சந்தையில், ஓடாத கடிகாரங்களுக்கும் உடைந்த மிக்சிகளுக்கும் நடுவே, பிஸ்கட் டின்னில் பேனாக்களைக் கொட்டி வைத்திருப்பார் ஒரு பாய். எதை எடுத்தாலும் ஐந்து வெள்ளி, பச்சை ரிங்கிட் நோட்டு ஒன்று. தங்க நிப்பு தேடுகிறவர்கள் பூதக்கண்ணாடியோடு வருவார்கள். நான் ஒவ்வொன்றாகத் திறந்து உள்ளே பார்ப்பேன், அவ்வளவுதான். "எழுதிப் பாக்கவே மாட்டேங்கிறீங்க, திறந்து திறந்து மூடுறீங்களே பாட்டி, உள்ள என்ன லாட்டரி சீட்டா இருக்கு?" என்பார் பாய். நிப்பு இருந்தால் வாங்கிக்கொள்வேன். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. நிப்பு இருக்கிறது, வாங்குகிறேன்.

ஜெலுத்தோங்கில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் என் அப்பாவுக்குக் "கிராணி" என்று பெயர். கிராணி என்றால் ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிறவர். அப்பா மரக்கிடங்கில் பலகை தூக்கினார். ஆனால் சாயங்காலம் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பையில் கறுப்புப் பேனாவைச் செருகிக்கொண்டு ரோட்டில் இறங்கினால், துறைமுகமே அவர் கையெழுத்துக்குக் காத்திருப்பதுபோல் இருக்கும். யாராவது பேனா கேட்டால், "கை மாறினா நிப்பு கெட்டுரும்லா" என்பார். கேட்டவர்களும் நியாயம்தான் என்று பென்சில் தேடிப் போவார்கள். அந்த வருஷம் கோயில் கமிட்டிக்கு அவர் பெயரைச் சொல்லியிருந்தார்கள். அப்பா தலைகால் புரியாமல் சட்டைக்கு இரண்டு முறை கஞ்சி போடச் சொன்னார்.

அப்போதுதான் எனக்கு ஆறாம் வகுப்புப் பரீட்சை வந்தது. மையில்தான் எழுத வேண்டும் என்று வாத்தியார் சொல்லிவிட்டார். கேட்டால் அப்பா தரமாட்டார். பரீட்சையன்று காலை அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, ஆணியில் தொங்கிய சட்டையிலிருந்து பேனாவை உருவிப் பாவாடையில் செருகிக்கொண்டேன்.

வாத்தியார் கண்ணில் பட்டுவிட்டது. "என்னம்மா கிராணி மகளே, அப்பா பேனாவா? மணி மணியா எழுதணும், ஆமா."

மணி அடித்தது. மேசைக்குக் கீழே வைத்து மூடியை இழுத்தேன். உள்ளே நிப்பு இல்லை. சீனர் கடையில் மீ, அதாவது நூடுல்ஸ், சாப்பிடுகிற குச்சியை அளவாக நறுக்கி, கறுப்புப் பெயின்ட் அடித்து, மூடியில் செருகியிருந்தது. மூடிக்குள் இருந்த நுனிக்கு மட்டும் பெயின்ட் அடிக்கவில்லை. அப்பா ஒரு எழுத்துகூட எழுதி நான் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

வேறு பேனா கேட்கலாம். கேட்டால், கையில் இருப்பதைக் காட்டு என்பார் வாத்தியார். அவரும் கோயில் கமிட்டிக்காரர். மூடியைப் போட்டுக் கைக்குள் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேலே காற்றாடி சுற்றியது. அழுகை வரவில்லை. ஒன்றுமே வரவில்லை.

"ஏன் எழுதல?"

"யோசிக்கிறேன் சார்."

"பேரையுமா?"

வெற்றுத் தாளைக் கொடுத்துவிட்டு வந்தேன். அப்பா வேலையிலிருந்து திரும்புவதற்குள் பேனா சட்டைப் பைக்குப் போய்விட்டது. அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. என் படிப்பு அதோடு நின்றது. அவர் சாகும்வரை கமிட்டியில் இருந்தார். அம்மா அந்த வெள்ளைச் சட்டையையே போட்டு, பேனாவையும் செருகித்தான் அனுப்பினார்.

இப்போது அந்த வரிசை வீடுகள் இல்லை, அங்கே அடுக்குமாடி நிற்கிறது. கிராணி என்று யாரையும் யாரும் கூப்பிடுவதில்லை. சட்டைப் பையிலிருந்து செல்போன்தான் எட்டிப் பார்க்கிறது.

பரீட்சை முடிவு வந்த அன்று பக்கத்து வீட்டு அக்காமார் எங்கள் வாசலில் கூடிவிட்டார்கள். "கிராணி மக எப்படிலா பெயிலு?" என்று கேட்டார்கள். அப்பா உள்ளே சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

"கேள்வியெல்லாம் ரொம்ப லேசு அக்கா," என்றேன். "அதப் போயி எழுதுறதுக்கே வெக்கமாப் போச்சு."