உத்திரமேரூருக்குப் போன பாண்டான் செடி

காலை ஒன்பதரை மணிக்குச் செங்கல்பட்டில் உத்திரமேரூர் பஸ் ஏறினேன். பங்குனி மாதம். கப்பல் என்னைச் சென்னையில் இறக்கிவிட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. தோளில் ஒரு துணிப்பை, மடியில் ஒரு பழைய பால்மாவு டின். டின்னுக்குள் பாண்டான் செடி. கப்பலில் எனக்குக் கொடுத்த குடிதண்ணீரில் அதற்கும் பங்கு கொடுத்து, வாடாமல் கொண்டுவந்திருந்தேன்.

பினாங்குப் பக்கம் இருக்கும் நமக்குப் பாண்டான் புதிதல்ல. தேங்காய்ப்பால் சோற்றில் இலையை முடிச்சுப் போட்டு வேகவைக்கிறோம். அரைத்துப் பிழிந்த சாற்றை மாவில் கலந்தால் பச்சை நிறமும் வாசனையும் சேர்ந்தே வந்துவிடும். நான் போன பக்கத்தில் அந்தச் செடி கிடையாது.

"இத்த மடியில வெச்சிக்கினு வர்றியே, செடிக்கு அரை டிக்கெட் போடட்டா?" என்றார் கண்டக்டர். பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். நான் ஒரு ரூபாய் பதினைந்து பைசா கொடுத்தேன். பதினெட்டு மைல் இருக்கும் என்றார்கள். வழியெல்லாம் அறுத்த வயல்களும், அடிமண் தெரிந்த ஏரிகளும்.

எதற்காகப் போனேன் என்பதைச் சொல்ல வேண்டும். பட்டர்வொர்த்தில் நான் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடையில் செல்வம் என்றொரு பையன் இருக்கிறான். அவன் தாய் தகப்பனுக்குக் குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் சிவப்பு அடையாள அட்டை. வேலை பெர்மிட் கிடைக்காமல் நான்கு வருடங்களுக்கு முன் இருவரும் ஊர் திரும்பினார்கள். அங்கேயே பிறந்த செல்வம், கொஞ்சம் சம்பாதித்துக்கொண்டு பின்னால் வருவதாகச் சொல்லி நின்றுவிட்டான். அவன் தாய் முனியம்மா தன் அண்ணன் மகளை அவனுக்கென்று பேசிவைத்துக் காத்திருந்தார். ஆனால் போன தை மாதம் செல்வம் அங்கேயே ஒரு பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். இனி ஊருக்கு வரமாட்டான்.

"எழுத கை வரலைண்ணே. அம்மா பாண்டான் கேட்டுக்கிட்டே இருக்கு. செடியக் குடுத்துட்டு, பக்குவமா நீங்களே சொல்லிடுங்க" என்றான்.

தெரியாத மனிதரிடம் மணி கேட்கவே கூச்சப்படுகிறவன் நான். ஆனால் அவனுக்குத் தெரிந்தவர்களில் அந்தக் கப்பலில் கிளம்பியவன் நான் ஒருவன்தான்.

பதினொன்றரைக்கு உத்திரமேரூர். சாப்பாடு ஒன்றேகால் ரூபாய். சாப்பிட்டு, பெருமாள் கோயில் கோபுரத்தை வெளியே நின்று பார்த்து, கல்வெட்டு மண்டபத்தில் தேவைக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். கல்வெட்டை வாசிக்க எனக்குத் தெரியாது. போகாமல் இருக்க ஓர் இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஒன்றரைக்கு மேல் மனதைத் தேற்றிக்கொண்டு குதிரை வண்டி பிடித்தேன். தெற்கே நான்கு மைல், இரண்டு ரூபாய்.

"இன்னா நைனா, தாயஞ்செடியா அது?" என்றார் வண்டிக்காரர். தாழையைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

"இல்லைங்க. பாண்டான்."

"இன்னா டானா இருந்தாலும் மூஞ்சி தாயை மாரிதான் கீது. வூட்டாண்ட வெச்சீனா பாம்பு வந்து குடித்தனம் பண்ணும்."

"இதுல முள் கிடையாதுங்க."

"அப்போ பல்லு இல்லாத பாம்பு வரும், போ!"

நானும் சிரித்துவிட்டேன். அன்று நான் சிரித்தது அது ஒரு தடவைதான்.

முனியம்மாவின் வீடு தெருக்கோடியில், பனையோலைக் கூரை. செல்வத்தின் பெயரைச் சொன்னதும் ஓடிவந்தவர், என்னைக் கேட்பதற்கு முன் டின்னை வாங்கி இலைகளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். கணவர் கன்னியப்பன், "அத்த அப்பறம் மோந்து பாரு, மொதல்ல தம்பிக்குத் தண்ணி குடு" என்று கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டார்.

பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "இதானா அந்த அதிசய எலை? போன வருசம் ஏரிக்கரை தாயை எலைய அரைச்சி தோசை ஊத்திக் குடுத்தியே, மலாயாக்காரி! நாக்குல சொரணை வர மூணு நாளாச்சி."

"அத்த வுடுடி!" என்ற முனியம்மா என்னிடம் திரும்பினார். "அப்பறம் பஜார்ல பச்சைக் கலர் பொடி வாங்கிப் போட்டேன் தம்பி. கலரு ஜோரா வந்துச்சி. வாசனைக்கு எங்க போறது? செவுத்துக்கு சுண்ணாம்பு அடிச்சாப்பல இருந்திச்சி."

மலாயாத் தோட்டத்தில் வேலை செய்த நாளில் மலாய்க்காரப் பக்கத்து வீட்டம்மாவிடம் அவர் கற்றது அந்தப் பச்சைத் தோசை. கோதுமை மாவில் பாண்டான் சாறு கலந்து மெல்லியதாக ஊற்றி, வெல்லத்தில் கிளறிய தேங்காயை உள்ளே வைத்துச் சுருட்டுவது. சின்ன வயதில் செல்வம் அதற்காக அழுவானாம்.

குளிக்கும் கல்லின் ஓரம், தண்ணீர் ஓடும் இடத்தில் குழி தோண்டிச் செடியை நட்டார். அப்போது இருபது வயதுப் பெண் ஒருத்தி குடத்தோடு வந்தாள்.

"இவதான் எங்க அண்ணன் பொண்ணு சரோஜா. சொல்லியிருப்பானே?"

நான் தலையை ஆட்டினேன். அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்க்காமல், "அத்தே, அந்தத் தோசைய எனக்குக் கத்துக்குடு" என்றாள்.

முனியம்மா ஓரத்து இலைகள் இரண்டை வெட்டிக் கொடுக்க, சரோஜா அம்மியில் அரைத்தாள். "கலரே வரல அத்தே. இன்னும் ரெண்டு வெட்டு."

"வாணாம்டி. வைகாசியில அவன் வர்றச்சே வோணும்." கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "வந்துடுவான் இல்ல, தம்பி?"

தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேவைக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன் போலிருக்கிறது.

"சரோஜா, கடைக்குப் போய் வெல்லம் வாங்கியா" என்றார் முனியம்மா. அவள் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "வர்றவன் செடிய இன்னொருத்தன் கையில குடுத்து அனுப்புவானா தம்பி? அவனே கொண்டாருவான் இல்ல?"

பக்குவமாகச் சொல்ல வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த ஒரு வார்த்தையும் நினைவுக்கு வரவில்லை. "தை மாசம் கல்யாணம் கட்டிக்கிட்டான்க்கா. இனிமே வரமாட்டான்" என்றேன்.

கன்னியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். மறுபடி எடுத்து உதறினார். "நம்ம ஜனமா?" என்று மட்டும் கேட்டார்.

"தமிழ்ப் பொண்ணுதாங்க. தையல் வேலை."

"இந்தத் தோசை செய்வாளா?" என்றார் முனியம்மா.

"செய்வாங்கக்கா." அது உண்மை. எங்கள் கடைக்கே செய்து கொண்டுவந்திருக்கிறாள்.

முனியம்மா குனிந்து, நடுக்குருத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற இலைகளையெல்லாம் வெட்டினார்.

"செடி தாங்காதுக்கா."

"தாங்கும். இந்த ஊரு வெயில நான் தாங்கல?"

சரோஜா வெல்லத்தோடு வந்தாள். இலைக்குவியலைப் பார்த்து, "இப்ப மட்டும் வெட்டிட்டே!" என்று சந்தோஷப்பட்டாள். சாறு இப்போது நல்ல பச்சையாக இறங்கியது. அடுப்பிலிருந்து வாசனை கிளம்பியதும் வேலிக்கு அப்பால் இருந்த பெண்ணே, "இன்னாடி இது, பால் பாயசமாட்டம் மணக்குது!" என்று உள்ளே வந்துவிட்டாள். சரோஜா சுருட்டிய முதல் தோசை நடுவில் கிழிந்தது. "ஒன் புள்ள பாத்தா சிரிப்பாரு" என்று முகத்தை மூடிக்கொண்டாள். நான் எழுந்து வெளியே போய் நின்றேன்.

தோசைகளைத் தட்டில் அடுக்கி முனியம்மா அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினார். "குடு அத்தே, நான் தூக்கினு வரேன்" என்றாள் சரோஜா. "வாணாம். இத்த நான்தான் கொண்டாந்து வெக்கணும்" என்று அவர் முன்னால் நடந்தார். ஒன்றும் தெரியாமல் அந்தப் பெண் பின்னால் போனாள்.

ஐந்து மணிக்குமேல் முனியம்மா மட்டும் திரும்பி வந்தார். தட்டு கையில் இருந்தது.

"இன்னா சொன்னாங்க?" என்றார் கன்னியப்பன்.

"ஒன்னும் சொல்லல. தட்டக் கழுவிக் குடுத்துட்டாங்க."

"வெறுந்தட்டா?"

"வெறுந்தட்டுதான்."

நம் தோட்டங்களிலும் இந்த வழக்கம் உண்டு. பலகாரம் வந்த தட்டை வெறுமையாகத் திருப்பமாட்டோம். ஒரு பிடி அரிசியாவது, கொஞ்சம் சர்க்கரையாவது வைத்துத்தான் கொடுப்போம். உறவு வேண்டாம் என்றால்தான் வெறுந்தட்டு. கூடப் பிறந்த அண்ணன் வீட்டிலிருந்து அதை வாங்கிக்கொண்டு அவர் தெருவழியே நடந்து வந்திருக்கிறார்.

சரோஜாவைப் பற்றி அவரே சொன்னார்: "அவ அழுவல தம்பி. கையில இருந்த பச்சையத் தேச்சித் தேச்சிக் கழுவிக்கினு கீறா."

ஆறே முக்காலுக்குக் கடைசி பஸ் என்று, சொல்லிவைத்திருந்த குதிரை வண்டி வந்துவிட்டது. இரவு தங்கச் சொன்னார்கள், என்னால் முடியவில்லை. வண்டியில் ஏறியதும் முனியம்மா சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"திரும்பிப் போயி அவன்கிட்ட இன்னா சொல்லுவே?"

"நீங்க என்ன சொல்லச் சொல்றீங்களோ, அதைச் சொல்றேன்க்கா."

"செடி புடிச்சிக்கிச்சின்னு சொல்லு. வேற ஒன்னும் சொல்லாதே."

சரி என்றேன். நட்டு நான்கு மணி நேரம்கூட ஆகவில்லை. பங்குனி வெயிலில், ஒற்றைக் குருத்தோடு நிற்கும் செடி. பிடித்ததா இல்லையா என்று தெரிய ஒரு மாதமாவது ஆகும்.

நம் பக்கத்தில் பாண்டான் சாக்கடை ஓரமெல்லாம் தானாகக் கிடக்கிறது. மிதிக்கிறோம், வெட்டுகிறோம், மறுவாரம் மறுபடி வெட்டுகிறோம். அது பிடித்துக்கொண்டது என்று யாரும் யாருக்கும் சொல்லி அனுப்புவதில்லை.