சகலை வீட்டுக் குளிர்

என் மேசைக்கு அடியில் இருக்கும் கணினிப் பெட்டிக்குள் இரண்டு விசிறிகள் சுற்றுகின்றன. ஒன்று வாங்கும்போதே அதனோடு வந்தது, சத்தமே கேட்காது. மற்றொன்று என் சகலையுடையது, கரகரவென்று ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். சேலத்துச் சித்திரை வெயிலில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் வேறெந்தச் சத்தமும் காதில் விழாது. "அந்தச் சனியனைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு ஒண்ணு வாங்கக் கூடாதுங்களா?" என்று என் மனைவி கேட்காத வாரமில்லை. மாற்ற மாட்டேன். ஏன் என்று சொல்லவேண்டுமானால் சகலையைப் பற்றிச் சொல்லவேண்டும். அவரைப் பற்றிப் பேச்செடுத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும். எரிந்தால் எரியட்டும், சொல்லிவிடுகிறேன்.

என் மாமனாருக்கு ஏற்காட்டில், ஒண்டிக்கடைப் பக்கம் பழக்கடை. மகன் கிடையாது, இரண்டு மகள்கள். மூத்தவளைக் கட்டிய நான் சேலத்தில் ஒரு தனியார் கல்லூரியில் கணினிப் பாடம் நடத்துகிறேன். கல்யாணமான புதிதில் அந்த வீட்டில் எனக்கிருந்த மரியாதையை என்னத்தைச் சொல்ல! கடைக்குத் தார்ப்பாய் வாங்குவதென்றாலும், "மாப்பிள்ளையை ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்" என்பார் மாமனார். எனக்குத் தார்ப்பாயைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் சொல்வேன், அவரும் கேட்பார். பிறகு இளையவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை நாகலூரை ஒட்டிய ஒரு எஸ்டேட்டில் ரைட்டர், ஆட்களுக்கு வருகை போடும் வேலை. வந்த மறுநாளே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஜீப்பிலிருந்து ஆரஞ்சுக் கூடைகளை இறக்க ஆரம்பித்துவிட்டார். கூடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே என்னைப் பார்த்து, "வாங்கண்ணா, சாப்பிட்டீங்களா?" என்று வேறு கேட்டார். அன்றைக்கே எனக்கு அவரைப் பிடிக்கவில்லை.

கணினியை ஆராய்ச்சிக்கு இரவல் கொடுக்கிற வேலையை அந்த வீட்டுக்குள் கொண்டுவந்தவன் நான்தான். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இப்போது யாருக்கும் நினைவில்லை. ஒரு தீபாவளிக்கு எல்லோரும் மலையில் கூடியிருந்தபோது விளக்கினேன். நம் வீட்டுக் கணினி பாதி நேரம் சும்மாதான் கிடக்கிறது. அந்தச் சும்மா நேரத்தை ஆராய்ச்சிக்காரர்களுக்குக் கொடுக்கலாம். மருந்து கண்டுபிடிக்க அவர்களுக்கு மலையளவு கணக்குப் போடவேண்டியிருக்கிறது. அதைத் துண்டு துண்டாக வெட்டி, உலகம் முழுக்க இருக்கிற வீடுகளுக்கு இணையம் வழியாக அனுப்புகிறார்கள். நம் கணினி ஒரு துண்டைப் போட்டு முடித்துத் திருப்பி அனுப்பும், அதற்குப் புள்ளிகள் கொடுப்பார்கள். காசு கிடையாது, புள்ளி மட்டும்தான். மாமனார் வாய் பிளந்து கேட்டார். "அப்ப இதுவும் ஒரு தருமந்தான்" என்றார். நான் குளிர்ந்துபோனேன். அப்போதுதான் சகலை, "ஏனுங்கண்ணா, நம்மூட்டுப் பொட்டியிலயும் போட்டுத் தர்றீங்களா? பசங்க பள்ளிக்கூடம் போனா அதுவும் சும்மாத்தான் கெடக்குது" என்றார். நானே நாகலூருக்குப் போய், நானே போட்டுக் கொடுத்தேன். என் கையாலேயே!

பொங்கலுக்குள் அவர் புள்ளியில் என்னைத் தாண்டிவிட்டார். என் கணினி அவருடையதைவிடப் புதிது, வேகமானது. ஆனால் கணக்குப் போடப் போடக் கணினி சூடாகும், சூடு மிஞ்சினால் தானே அணைந்துகொள்ளும். சேலத்தில் என்னுடையது பகலெல்லாம் அணைந்து அணைந்து எழுந்தது. நாகலூரில் அவருடையது ஜன்னலோரம் உட்கார்ந்து, பனிக்காற்றை வாங்கிக்கொண்டு, காய்ச்சல் என்றால் என்னவென்றே தெரியாமல் உழைத்தது. அவர் ஒரு மண்ணும் செய்யவில்லை. குளிர் செய்தது. இதை மாமனாருக்கு எப்படிப் புரியவைப்பது? பழம் வாங்க வருகிறவர்களிடமெல்லாம், "எங்க சின்ன மாப்பிள்ளை பொட்டி நொம்ப ஒழைக்குதுங்க, பெரியவருது வெயிலுக்குப் படுத்துக்குது" என்று சிரிப்பார். படுத்துக்கொண்டதாம்! அந்த மாசியில் கடைக்குக் கூரை மாற்றும் பேச்சு வந்தது. கறிச் சோறு பரிமாறிக்கொண்டிருந்தார்கள். மாமனார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "என்ன மாப்பிள்ளை, தகரமா, ஓடா?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்துவிட்டேன். அவர் பார்த்தது சகலையை. சகலை, "அண்ணனைக் கேளுங்க மாமா" என்று என் பக்கம் கையைக் காட்டினார், அது இன்னும் மோசம்.

கோடை தொடங்கியதும் ஒரு முடிவுக்கு வந்தேன். குளிர்தான் ஜெயிக்கிறதென்றால் என் கணினியும் மலையேறட்டும். போர்வையில் சுற்றி, ஏற்காடு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் அதைக் கட்டிப்பிடித்தபடி போனேன். கல்லூரியில் எவனாவது பார்த்திருந்தால் மானம் போயிருக்கும். சகலை நாகலூர் பஸ் நிறுத்தத்துக்கு வந்து, பச்சைப்பிள்ளையை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வீட்டில் உள்ளறை ஜன்னலோரம்தான் குளிர் அதிகம். அங்கிருந்த தன் கணினியைக் கழற்றி வாசற்கதவை ஒட்டி வைத்துவிட்டு, ஜன்னலோரத்தை என்னுடையதற்குக் கொடுத்தார். "பெரியப்பா பொட்டி கண்ணு, யாரும் தொடக்கூடாது" என்று பிள்ளைகளிடம் சொன்னார். எல்லாம் நடிப்பு என்றுதான் நினைத்தேன். என்னை ஜெயிக்கிற தெம்பில் வருகிற தாராளம் என்று நினைத்தேன்.

அதன் பிறகு தினமும் காலையில் பல் விளக்குமுன் கைபேசியில் புள்ளிப் பட்டியலைப் பார்ப்பேன். முதலில் அவர் புள்ளி, பிறகு என் புள்ளி. என்னுடையது விறுவிறுவென்று ஏறியது. ஒருநாள் மட்டும் அசையவே இல்லை. உடனே கூப்பிட்டு, "என்ன தம்பி, என்னோடதை நிறுத்திட்டீங்களா?" என்று கேட்டேன். குரலில் இருந்ததை மறைக்கத் தெரியவில்லை. "கரண்டு இல்லீங்கண்ணா, மரம் விழுந்து லைன் போச்சு. ரெண்டுமே நின்னு போச்சுங்க" என்றார். அவருடைய புள்ளியையும் பார்த்தேன். அதுவும் அசையாமல்தான் இருந்தது. அப்படியும் என் மனசு ஆறவில்லை. அவர்மேல் ஒரு குறை கிடைத்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்!

வைகாசிக் கடைசி இடிமழையில் ஒரு சாயங்காலம் கொழுந்தியாள் கூப்பிட்டாள். "மாமா, உங்க பொட்டிக்கு ஒண்ணும் ஆகலை, பயப்படாதீங்க" என்றுதான் ஆரம்பித்தாள். இடிச் சத்தம் கேட்டாலே சகலை இரண்டு பிளக்கையும் பிடுங்கிப் போட்டுவிடுவது வழக்கம். அன்று அவர் எஸ்டேட் ஆபீசில் இருந்தார். பிள்ளைகளைக் கூப்பிட அவள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். இடி உறுமியதும் மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்கு ஓடிவந்திருக்கிறார். ஒன்றைப் பிடுங்கிவிட்டார். மற்றதற்குப் போவதற்குள் வீடே வெளுக்கிற மாதிரி ஒரு மின்னல். அவருடைய கணினி கருகிப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை போனேன். அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் எனக்கு உறைத்தது. அவருடைய கணினி வாசற்கதவை ஒட்டித்தான் இருந்தது. குனிந்தால் கைக்கு எட்டும். என்னுடையது உள்ளறையில். ஓடிவந்த மனுஷன் தன்னுடையதைத் தாண்டிக்கொண்டு, ஈரக்காலோடு கூடம் முழுக்க நடந்து உள்ளே போயிருக்கிறார். "ஏன் தம்பி, வாசல்ல இருந்ததை முதல்ல பிடுங்கியிருக்கலாமே?" என்று கேட்டேன். அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். "உங்குளுது நம்மூட்டுக்கு வந்ததுங்கண்ணா. வந்தவங்களைத்தானுங்களே மொதல்ல பாக்கோணும்?" என்றார். கொழுந்தியாள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். நான் குடித்தேன். கிளம்பும்போது அவர் ஒரு காகிதப் பொட்டலத்தைக் கையில் திணித்தார். "இந்த விசிறி மட்டும் தப்பிச்சிருச்சுங்கண்ணா. உங்க பொட்டியில சேத்து மாட்டிக்கோங்க, சேலத்துச் சூட்டுக்கு ஆகும்."

என் கணினியைச் சேலத்துக்கே திரும்பக் கொண்டுவந்து, அதை மாட்டினேன். அதன் பிறகு என் கணினி சேலத்திலேயே அணையாமல் ஓடுகிறது, மலைக்குப் போகத் தேவையில்லை. சகலை இன்னொரு கணினி வாங்கவில்லை. பிள்ளைகள் காலேஜ் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றுவிட்டார். நின்றுபோன அவர் புள்ளியை நான் தாண்டிய அன்று, என்ன சொல்வார் பார்க்கலாம் என்று கூப்பிட்டுச் சொன்னேன். "அட, நெசமாலுமாங்கண்ணா!" என்று கத்தினார். அடுத்த விருந்துக்கு நான் போய்ச் சேருமுன்னே மாமனாரிடமும், கடைக்கு வந்தவர்களிடமும், "பெரியவருதான் இப்ப மேல" என்று சொல்லி முடித்திருந்தார். இலை போட்டதும் மாமனார் என் பக்கம் திரும்பி, கடைக்கு ஃப்ரிட்ஜ் வாங்கலாமா என்று என்னைத்தான் முதலில் கேட்டார். நான் எத்தனை நாளாகக் காத்திருந்த கேள்வி! எதிரே சகலை, தனக்கே ஏதோ கிடைத்த மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். என்ன பதில் சொன்னேன் என்பதே எனக்கு இப்போது நினைவில்லை.

இன்றைக்கும் காலையில் பட்டியலைத் திறந்தால் என் கண் முதலில் போவது அவர் பெயருக்குத்தான். அவர் புள்ளி மின்னல் அடித்த நாளில் நின்ற இடத்திலேயே நிற்கிறது, நான் எங்கேயோ மேலே போய்விட்டேன். எரிச்சல் மட்டும் குறையவில்லை. முன்பு அவர் வீட்டுக் குளிர்மேல் பொறாமைப்பட்டேன், இப்போது அவர்மேலேயே படுகிறேன். மேசைக்கு அடியில் அந்த விசிறி கரகரக்கும்போதெல்லாம் அந்த வாசலும் உள்ளறையும்தான் கண்முன் வருகின்றன. நானாக இருந்தால் கதவோரத்தில் இருந்த என்னுடையதைத்தான் முதலில் பிடுங்கியிருப்பேன். ஒரு நொடிகூட யோசித்திருக்க மாட்டேன். அவரும் யோசிக்கவில்லை.