பொய்யாய் ஒரு வேண்டுதல்

என் மகளுக்கு இரண்டு வயது. சரியாக விழுங்க வராது. வாயில் எதைப் போட்டாலும் நுரையீரலுக்குப் போய்விடும். அப்படிப் போன பாலால் ஒருமுறை தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். அதற்குப் பிறகு வயிற்றில் பொருத்திய குழாய் வழியாகத்தான் சாப்பாடு.

இதைக் காஞ்சிபுரத்தில் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். எங்கள் தெருவில் கோயிலிலிருந்து வெறுங்கையோடு திரும்புகிறவர் யாருமில்லை. குழந்தையைப் பார்த்தால் பிரசாதத்தில் ஒரு விள்ளலை அதன் வாயில் வைத்துவிட்டுத்தான் தாயிடமே பேசுவார்கள்.

நான் படித்தவளாயிற்றே, வாசற்கதவில் அறிவிப்பு எழுதி ஒட்டினேன். மூன்று பத்தி. நான்கு இடத்தில் 'தயவுசெய்து'. கடுமையாக இருக்கிறதோ என்று ஐந்தாவதையும் சேர்த்தேன். மேலத்தெரு அம்மா ஒருவர் நின்று முழுவதும் படித்தார். "கையெழுத்து முத்து முத்தா இருக்குதும்மா" என்று பாராட்டினார். பிறகு உள்ளே வந்து, மகளின் வாயருகே புளியோதரையை நீட்டினார்.

எதிர்வீட்டு அக்கா, தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றுகிறவர், பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்தார். "குடுத்துடாதீங்கம்மா! வேண்டுதல் இருக்குது. மூணு வயசு வரைக்கும் வாயால ஒண்ணும் தர்றதில்லன்னு வேண்டிக்கினு இருக்காங்க."

புளியோதரை பின்வாங்கியது.

அந்த அம்மா போனதும், "நான் எப்போக்கா வேண்டினேன்?" என்றேன்.

"டாக்டர் சொன்னாருன்னா 'ஒரு வாய்தானே'ம்பாங்க. சாமின்னா தொடுவாங்களா? நீ கம்முனு இரும்மா."

ஒரே வாரத்தில் அக்கம்பக்கம் முழுக்க இந்தப் பொய்யில் கூட்டுச் சேர்ந்தது. ஆனால் யாரும் கலந்து பேசிக்கொள்ளவில்லை. பூக்காரம்மா காமாட்சிக்கு என்றார். தெருக்கோடி வீட்டில் முருகனுக்கு என்றார்கள். அக்கா பெருமாளுக்கு என்று சொல்லி வைத்திருந்தார். நான் மூன்று கோயிலுக்கும் போய்த் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டேன். அறிவிப்பைக் கிழிக்கலாமா, விடலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

போன மாதம் தென்னேரியிலிருந்து கணவரின் அத்தை அதிரசத்தோடு வந்தார். அக்கா வெளியே போயிருந்தார். நான் நுரையீரலிலிருந்து விளக்க ஆரம்பிப்பதற்குள் அத்தை ஒரு துண்டைக் கிள்ளிவிட்டார்.

"துணுக்குதாம்மா, நாக்குல வெச்சா கரைஞ்சிடும்."

"வேண்டுதல் அத்தை!" என்று கத்திவிட்டேன்.

"எந்த சாமிக்கு?"

"மூணு சாமிக்கு" என்றேன்.

"மூணா!" அத்தை மரியாதையாக அந்தத் துண்டைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டார்.

பால் கொடுக்கும் நேரம். குழாயில் சிரிஞ்சைப் பொருத்தி உயர்த்திப் பிடித்தேன். பால் தானாக இறங்க வேண்டும், அவசரப்படுத்தக் கூடாது. அத்தை பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தார்.

"இங்க குடு. சாதம் ஆறுறதுக்குள்ள நீ போயி சாப்புடு."

"கை வலிக்கும் அத்தை."

"உன் வேண்டுதலுக்கு உன் கைதான் வலிக்கணுமா இன்னா? போம்மா."

சமையலறையிலிருந்து இரண்டு முறை எட்டிப் பார்த்தேன். அத்தை கையில் சிரிஞ்ச் அசையவில்லை. மூன்றாம் முறை எட்டிப் பார்க்காமல் சாதத்தைப் பிசைந்தேன். அது இன்னும் சூடாக இருந்தது.